போத்தலடியில் படிந்த உப்பு

போர்க்லிஃப்ட் ஓட்டுவதைப் பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை. அதற்கு வகுப்பு இருக்கிறது, பத்திரமும் தருகிறார்கள். கொண்டெய்னரை எப்படி இறக்குவது, பலட் என்கிற மரத்தட்டில் அடுக்கிய பெட்டிகளை எப்படிச் சுற்றிக் கட்டுவது என்பதெல்லாம் முதல் இரண்டு கிழமையில் உங்கள் கைக்கு வந்துவிடும். மூன்றாம் கிழமை முதுகு வலி வரும், அதுவும் பழகிவிடும். தெற்கு ஒக்லாந்தில் கிடங்கு வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு நான் சொல்ல வைத்திருப்பது வேறு. ஒருநாள் மத்தியானம் ஒரு பத்து நிமிடம் நான் எப்படி நின்றேன் என்பதைப் பற்றியது அது. அதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. பெருமையான கதை வேண்டுமென்றால் வேறு ஆட்களைக் கேளுங்கள்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பிறகு படித்ததெல்லாம் வேலை செய்த இடங்களில்தான். அப்போதெல்லாம் எந்த இடத்திலும் இரண்டு வருடத்துக்கு மேல் எனக்குக் கால் தரிக்காது. கொழும்பில் லொறிக்கு மூட்டை ஏற்றினேன். ஏஜென்சிக்காரன் ஜெர்மனி என்று சொல்லிக் காசை வாங்கி இத்தாலியில் சிசிலித் தீவில் இறக்கிவிட்டான். அங்கே சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினேன். தங்குவதற்கான பேப்பர் இல்லாதவனுக்கும் கழுவக் கோப்பை கிடைக்கும். வடக்கே திராட்சை பறிக்க ஆள் எடுக்கிறார்கள், பேப்பர் கேட்க மாட்டார்கள் என்று ஒரு பஞ்சாபிக்காரர் சொன்னதை நம்பி ரயில் ஏறினேன். அப்படித்தான் வெரோனாவுக்குக் கிழக்கே சொவாவே என்கிற ஊரில் போய் விழுந்தேன்.

மேட்டு நிலம், கறுத்த எரிமலை மண். சுற்றிவர எல்லாம் வெள்ளை வைனுக்கான திராட்சை. கொடியைத் தலைக்கு மேலே பந்தலாகக் கட்டியிருப்பார்கள். நாள் முழுக்கக் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு பறிக்க வேண்டும். சாறு முழங்கை வழியாக ஓடி அக்குளுக்குள் இறங்கும். பின்னேரம் சட்டை காய்ந்து பலகை மாதிரி நிற்கும். அந்த வட்டாரத்தில் பெரும்பாலான குடும்பங்கள் பழத்தைப் பறித்துக் கூட்டுறவுக்குக் கொடுத்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கும். எனக்கு வேலை தந்த குடும்பம் அப்படியில்லை. தங்கள் மேட்டில் விளைந்ததைத் தாங்களே வைனாக்கித் தங்கள் பெயரைப் போட்டுப் போத்தலில் அடைப்பார்கள். தம்பி தோட்டத்தைப் பார்த்தான். வைன் அறை முழுக்க அக்காவின் பொறுப்பு. அவருக்கு என்னைவிட மூன்று, நான்கு வயது கூட இருக்கும். அவருடைய பெயரை இங்கே எழுத எனக்கு உரிமை இருப்பதாக நான் நினைக்கவில்லை.

பறிப்பு முடிந்து மற்ற ஆட்களை அனுப்பிய பிறகும் என்னை வைத்துக்கொண்டார்கள். காரணம் நான் மெலிந்தவன். தொட்டியின் சின்னக் கதவுக்குள்ளால் நுழையக்கூடியவன். வெள்ளை வைன் இருந்த தொட்டியின் உள்சுவரில் குளிர்காலத்தில் ஒரு உப்புப் படியும். திராட்சையில் இயல்பாகவே இருக்கிற உப்புத்தான், குளிர் பட்டதும் வெளியே வந்து கண்ணாடிச் சில்லு மாதிரிப் பளபளக்கும். அதைச் சுத்தியலால் தட்டி உடைத்து எடுப்பது என் வேலை. தட்டி எடுத்த பிறகும் ஒட்டிக்கொண்டிருப்பதைச் சுடுதண்ணீர் அடித்தால் கரைந்து ஓடிவிடும். உள்ளே ஆள் நிற்கும்போது வீட்டு ஆள் ஒருவர் கதவடியில் நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம். அடியில் நச்சு வாயு தங்கியிருந்தால் ஆள் சத்தமில்லாமல் சரிந்துவிடுவான். எனக்கு நின்றது எப்போதும் அந்த அக்காதான். அங்கே நின்றபடியே எனக்கு இத்தாலி மொழி சொல்லித் தந்தார். அவர் சொல்வதை நான் திருப்பிச் சொல்ல வேண்டும்.

பெரிய தொழிற்சாலைகளில் வைனை இயந்திரத்தில் போட்டு உறைநிலைக்குக் கிட்டக் கொண்டுபோய் அந்த உப்பை முன்கூட்டியே விழுத்திவிடுவார்கள். இவர்கள் அதைச் செய்வதில்லை. அப்படிச் செய்தால் ருசி போய்விடும் என்பது அவர்களுடைய எண்ணம். தை மாதம் வைன் அறைக் கதவுகளைத் திறந்து வைத்துக் குளிரை உள்ளே விடுவார்கள், அவ்வளவுதான். குளிர் போதாத வருடத்தில் உப்பு வைனுக்குள்ளேயே கிடந்து பிறகு போத்தலில் விழும். விழுந்தால் என்ன, குடித்தாலும் ஒன்றும் செய்யாது என்பார் அக்கா.

இரண்டு குளிர்காலம் அங்கே இருந்தேன். பிறகு வழக்கம்போலக் கால் அரித்தது. கொழும்புக்குத் திரும்பினேன், கலியாணம் கட்டினேன், ஒரு மகள் பிறந்தாள். ஒக்லாந்தில் இருந்த என் தங்கை என்னைக் கூப்பிட்டுக்கொள்ளப் படிவம் அனுப்பினாள். இருந்த நாடுகளையெல்லாம் எழுதச் சொல்லி ஒரு பக்கம் இருந்தது. படிவம் நிரப்பித் தந்தவர், களவாக இருந்த நாட்டைச் சொன்னால் கதை அதோடு முடிந்துவிடும் என்றார். சிசிலியையும் சொவாவேயையும் விழுங்கிவிட்டு, அந்த வருடங்களில் கொழும்பில் வேலையில்லாமல் இருந்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மனைவியையும் மகளையும் பிறகு கூப்பிடலாம் என்று தனியே வந்தேன்.

முதலில் ஒக்லாந்துக்குத் தெற்கே புக்கெகோஹியில் வெங்காயம் தரம் பிரித்தேன். பிறகு மனுரேவாப் பக்கம் ஒரு கிடங்கில் சேர்ந்தேன். இத்தாலியச் சாப்பாட்டுச் சாமான் இறக்கும் இடம். பாஸ்டா, தக்காளி டின், ஒலிவ் எண்ணெய். முதலாளி வெள்ளைக்காரர், நல்ல மனிசன், பயந்த மனிசன். கிடங்குக்கு மேனேஜர் குணா. மலேசியாவில் கிள்ளானில் பிறந்தவர். என்னைவிட இளையவர், ஆனாலும் எனக்கு மேலே. என்னை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவார். வேலையைப் பிழையாகச் செய்தால் அதே "அண்ணே"யை வேறு ராகத்தில் சொல்லுவார்.

இரண்டாயிரத்துப் பத்துகளின் நடுப்பகுதி அது. முதலாளிக்கு வைனும் இறக்கிப் பார்க்க ஆசை வந்தது. நல்ல இடம் தேடச் சொல்லிக் குணாவிடம் சொன்னார். குணா என்னிடம் சும்மா சொல்லிக்கொண்டிருந்தபோது எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. அந்தக் குடும்பத்துக்கு ஒரு நல்லது செய்ய இனி எப்போது வாய்ப்பு வரும்? என் சொந்தக்காரர் ஒருவர் இத்தாலியில் இருக்கிறார், அவர் ஒரு வீட்டு வைனை ஓயாமல் புகழுவார் என்று சொல்லிப் பெயரைக் கொடுத்தேன். குணா சிரித்தார். "அண்ணே வைனும் குடிக்க மாட்டாரு, பியரும் குடிக்க மாட்டாரு. ஆனா எந்த மலையில எந்த வைன்னு மட்டும் கரெக்டா தெரியும்" என்று ஸ்மோகோ அறையில் எல்லோரும் தேத்தண்ணி குடிக்கும்போது சொல்லிக் காட்டினார். ஆனால் பெயரை எழுதிக்கொண்டார்.

அந்த வைன் வந்தது. கொண்டெய்னர் கதவைத் திறந்து முதல் பெட்டியில் அந்த வீட்டுப் பெயரைப் பார்த்தபோது எனக்குள் என்ன நடந்தது என்று சொல்லத் தெரியவில்லை. யாருக்கும் சொல்லாமல் அன்று முழுக்க நல்ல மனநிலையில் இருந்தேன். அவர்கள் வேறு வாங்குகிறவர்களை விட்டுவிட்டு அந்த வருடத்து வைன் முழுவதையும் எங்களுக்கே அனுப்பியிருந்தார்கள் என்று குணா சொன்னார். குடும்பம் சொந்தப் பெயரில் போத்தல் அடைத்துத் தாக்குப்பிடிப்பதா, கூட்டுறவுக்குப் போவதா என்பதை இந்த ஓடர்தான் முடிவு செய்யுமாம். அப்படித்தான் அந்த அக்கா முதலாளிக்கு எழுதியிருந்தாராம்.

இரண்டாம் மாதம் நகரத்தில் ஒரு உணவகத்திலிருந்து ஒரு போத்தல் திரும்பி வந்தது. கடைசி ஊற்றில் கண்ணாடித் தூள் விழுந்தது என்று சாப்பிட வந்த ஒரு பெண் சத்தம் போட்டிருக்கிறார். அடுத்த நாள் இன்னொரு இடத்திலிருந்து இரண்டு. குணா குளிர் அறைக்குள் போய்ப் பெட்டிகளைப் பிரித்தார். பத்துக்கு நாலு போத்தலில் அடியில் பளபளவென்று படிந்திருந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். அதற்கு முந்திய வருடம் நாங்கள் இறக்கிய தக்காளிச் சோஸ் போத்தல் ஒன்றில் உண்மையாகவே கண்ணாடி இருந்து, ஒரு வயதான பெண்ணின் நாக்கு வெட்டுப்பட்டது. முதலாளி அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தவர். அதற்குப் பிறகு கண்ணாடி என்ற சொல்லைக் கேட்டாலே அவர் முகம் வெளுக்கும். ஆகவே அவரைக் குறை சொல்லாதீர்கள். அவருக்கு வைன் புதிது. எங்கள் எல்லோருக்கும் புதிது, ஒருவனைத் தவிர.

போத்தலைப் பார்த்த உடனேயே எனக்குத் தெரியும். ஆனாலும் பொறுப்பாக நடந்தேன் என்று எனக்கே காட்ட வேண்டியிருந்தது போல. ஸ்மோகோ அறையில் யாரும் இல்லாத நேரம் திரும்பி வந்த போத்தலின் அடியை வடித்துத் தூளைக் கோப்பையில் போட்டேன். முதலில் ஒரு துண்டை நாக்கில் வைத்தேன். புளித்தது. பிறகு கேத்தலில் இருந்து சுடுதண்ணீர் ஊற்றிக் கலக்கினேன். ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. கோப்பை தெளிவாக இருந்தது. கண்ணாடி கரையாது என்று எட்டாம் வகுப்புப் படித்தவனுக்கும் தெரியும்.

அப்போது குணா உள்ளே வந்தார். என்ன குடிக்கிறீர்கள் என்று கேட்டார். வயிறு சரியில்லை, வெறும் சுடுதண்ணி என்றேன். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

இதுதான் உங்களுக்குப் புரியாமல் போகக்கூடிய இடம். என் மனைவியின் கோப்பும் மகளின் கோப்பும் அந்தக் கிழமை குடிவரவு மேசையில் இருந்தன. மகளை நான் கண்டு மூன்று வருடம். இது உப்பு என்று சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். சொவாவேயில் தொட்டிக்குள் இறங்கினேன் என்றால் எப்போது என்று கேட்பார்கள். நான் கொழும்பில் வேலையில்லாமல் இருந்ததாக எழுதிய வருடங்கள் அவை. வேலைத்தலத்தில் வாயிலிருந்து விழுகிற ஒரு சொல் நடந்து போய் அந்த மேசையில் ஏறிக்கொள்ளும் என்று நான் உறுதியாக நம்பினேன். பயந்தவனுக்கு எல்லாக் கதவும் ஒரே அறைக்குள் திறப்பது போலத் தெரியும்.

குணா என்னிடம் தனியாகவும் கேட்டார். "அண்ணே, உங்க சொந்தக்காரரு அங்கதானே இருக்காரு? ஒரு கோல் அடிச்சு கேளுங்க லா."

"அவர் இப்ப லண்டனுக்குப் போயிட்டார். நம்பர் இல்லை" என்றேன்.

அன்று மத்தியானம் முதலாளி எங்கள் ஆறு பேரையும் கூப்பிட்டார். மாதிரி பரிசோதனைக்குப் போயிருக்கிறது, முடிவு வர அடுத்த கிழமை ஆகும் என்றார். உணவகக்காரர்கள் நாளைக்குள் பதில் கேட்கிறார்கள். இத்தாலியிலிருந்து பதில் வந்திருக்கிறது, அது திராட்சையின் இயல்பு, ஆபத்தில்லை என்று எழுதியிருக்கிறார்கள், ஆனால் தங்கள் சரக்கைப் பற்றி வேறு என்ன எழுதுவார்கள் என்று கேட்டார். குணா, இன்டர்நெட்டில் உப்பாகவும் இருக்கலாம் என்று போட்டிருக்கிறது என்றார். இருக்கலாம் என்பதை வைத்துக்கொண்டு நான் இன்னொரு பெண்ணை ஆஸ்பத்திரியில் பார்க்க மாட்டேன் என்றார் முதலாளி. பிறகு போத்தலை மேசையில் வைத்துவிட்டு எங்களைச் சுற்றிப் பார்த்துக் கேட்டார்.

"இங்கே இருக்கிறவர்களில் யாராவது இதை இதற்கு முன் கண்ணால் கண்டிருக்கிறீர்களா?"

அவர் அதைப் பேச்சுக்குக் கேட்கவில்லை. யாராவது ஆம் என்று சொல்ல மாட்டார்களா என்று கெஞ்சுகிற மாதிரித்தான் கேட்டார். நான் என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வலது சப்பாத்தின் முனையில் தோல் உரிந்து விரலைக் காக்க உள்ளே வைத்திருக்கிற இரும்பு தெரிந்தது. அதையேதான் பார்த்தேன். முடிவுக்குக் காத்திருக்க முடியாது, இருக்கிற வைன் முழுவதையும் அழித்துவிடுங்கள் என்றார் முதலாளி.

அடுத்த நாள் பலட்டுகளை லொறியில் ஏற்றியது நான்தான். அழிக்கிற இடத்துக்குக் கூடப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லி என்னைத்தான் அனுப்பினார்கள். பெட்டியோடு கொட்டி நொறுக்குகிற இயந்திரம். அந்த முற்றம் முழுக்க ஒரு வாசம் வந்தது. லொறிக்காரன் கூட, நல்ல வாசமாயிருக்கே என்றான். ஏற்றுவதற்கு முன்னால் ஒரு போத்தலைத் திறந்து ஒரு வாய் குடித்திருந்தேன். குடிக்காதவன் குடித்த ஒரு வாய்.

அடுத்த புதன்கிழமை பரிசோதனை முடிவு வந்தது. திராட்சையின் உப்பு, தீங்கில்லாதது. முதலாளி அதை வாசித்துவிட்டுத் தன் அறைக் கதவைச் சாத்தினார். ஆனால் அதற்கு முன்பே அந்தக் குடும்பத்தின் வைனை வெளிநாட்டுக்கு விற்றுக் கொடுத்த வெரோனாத் தரகருக்கு அவர் கடுமையாக எழுதியிருந்தார். தரகர் அந்தக் குடும்பத்தைக் கைவிட்டுவிட்டார். மன்னிப்புக் கடிதம் பிறகு போனது. போன சரக்கு போனதுதான். எங்கள் கிடங்கில் வைன் அதோடு நின்றது. அந்தப் பெயரைக் கொண்டு வந்தது யார் என்று முதலாளி கேட்டபோது குணா தான்தான் என்று சொன்னார். என் பெயரை எடுக்கவே இல்லை. அந்த வருடம் அவருக்கு வரவேண்டிய உயர்வு வரவில்லை.

நான்கு மாதத்தில் என் மனைவியும் மகளும் வந்து சேர்ந்தார்கள். விமான நிலையத்தில் மகளைத் தூக்கினேன். அவளுக்கு என்னைத் தெரியவில்லை, அழுதாள். அந்த நாளை நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதை நினைக்கும்போதெல்லாம் அந்த முற்றத்து வாசமும் கூடவே வரும்.

இரண்டாயிரத்துப் பத்துகள் முடிகிற நேரம் குடியுரிமைக்கு எழுத வேண்டி வந்தது. இந்த முறை ஒரு வக்கீலைப் பிடித்து உள்ளது முழுக்க எழுதிக் கொடுத்தேன். விசாரித்தார்கள், கனகாலம் காத்திருக்க வைத்தார்கள், பிறகு தந்தார்கள். நீங்களும் அப்படித் தப்புவீர்கள் என்று நான் சொல்லவில்லை. எனக்கு நடந்தது அது, அவ்வளவுதான்.

குடியுரிமை கையில் வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை ஏவன்டேல் சந்தைக்குப் போய்விட்டு அங்கிருந்தே குணா வீட்டுக்குப் போனேன். அவர் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கோப்பையையும் சொன்னேன். அவர் கத்தியைக் கீழே வைக்கவில்லை. மீனை முழுக்க வெட்டி முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"இத இத்தனை வருஷமாவா வயித்துல வச்சிருந்தீங்க? என்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, சுடுதண்ணில போட்டுப் பாக்கலாம்னு இன்டர்நெட்ல இருக்குன்னு சொல்லி, பாஸ் முன்னாலயே போட்டுக் காட்டியிருப்பேன் லா. உங்க பேரே வந்திருக்காது."

எனக்கு அது ஒருபோதும் தோன்றியதே இல்லை. நான் சொன்னால்தான் ஆகும், சொன்னால் நான்தான் மாட்டுவேன் என்று மட்டுமே யோசித்திருக்கிறேன். என் உண்மையை இன்னொருவர் கையில் கொடுத்து அவரைக்கொண்டு சொல்ல வைக்கலாம் என்பது என் மூளையில் இல்லை. தனியே திரிந்து பழகியவனுக்கு வருகிற குருட்டுத்தனம் அது. உங்களில் பலர் என்னைப் போலவே யாரையும் நம்பாமல் வந்து சேர்ந்தவர்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. சந்தேகம் வந்தால் சரக்கைத் தனியே ஒதுக்கி வையுங்கள். ஆனால் ஒதுக்கியதை அழிக்க அவசரப்படாதீர்கள். ஒதுக்கி வைத்த பலட் கொஞ்சம் இடத்தைத்தான் பிடிக்கும். அந்தக் கிழமை எங்கள் குளிர் அறையில் இடம் தாராளமாக இருந்தது. வைத்திருப்போம் என்று கேட்டிருந்தால் போதும். அதற்குச் சொவாவேயும் தேவையில்லை, பேப்பரும் தேவையில்லை. அதைக்கூட நான் கேட்கவில்லை.

குணா கையைக் கழுவிவிட்டு, "எனக்கு சொல்லி என்னா ஆகப்போவுது? அந்தம்மாகிட்ட சொன்னீங்களா?" என்றார்.

இல்லை என்றேன்.

அடுத்த நாள் பின்னேரம் அந்த அக்காவுக்குப் போன் எடுத்தேன். அங்கே காலை. அவரே எடுத்தார். என் இத்தாலி மொழி தோட்டத்தில் கூலிக்கு நிற்கிறவனின் மொழி, அதுவும் துருப்பிடித்துப்போய் இருந்தது. யார் என்று சொன்னேன், உடனே அடையாளம் கண்டுகொண்டார். எங்கே இருக்கிறாய், சாப்பாட்டுக்குக் கஷ்டமில்லையே என்று கேட்டார். பிறகு நான் சொல்லத் தொடங்கினேன். சொல்லி முடித்தபோது அவருக்குப் பின்னால் யாரோ ட்ராக்டரை முடுக்கும் சத்தம் கேட்டது.

இப்போது பழத்தைக் கூட்டுறவுக்குக் கொடுக்கிறோம் என்றார். தொந்தரவில்லை, தம்பிக்கும் அதுதான் விருப்பம், வைன் அறையில் உரச் சாக்கு வைத்திருக்கிறோம் என்றார். வானிலையைப் பற்றிச் சொல்வது போலத்தான் சொன்னார். அந்த வருடத்து வைனில் தாங்கள் குடித்துப் பார்க்க ஒரு போத்தல் கூட மிஞ்சவில்லை என்றும் சொன்னார். எல்லாம் உங்களுக்குத்தானே அனுப்பினோம்.

பிறகு கேட்டார். "நீ குடித்துப் பார்த்தாயா?"

"ஓம். ஒரு வாய்."

"எப்படி இருந்தது?"

மன்னிப்புக் கேட்பதற்கு எவ்வளவோ சொற்களைத் தயார்பண்ணி வைத்திருந்தேன். இந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். முதலில் பேரிக்காய் மாதிரி இருந்தது, விழுங்கின பிறகு பாதாம் பருப்பின் கசப்பு கொஞ்சம் நாக்கில் நின்றது என்றேன்.

"அப்படியென்றால் அந்த வருட வைன் சரியாகத்தான் வந்திருக்கிறது" என்றார். பறிக்கிற ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று சொல்லிப் போனை வைத்தார்.